அவள் உடைத்த பானை

உலக யுத்த காலம். எழுமலையில் நான் ஏறிய, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் மதுரையை நோக்கி நடந்தேன். தண்ணீர் கேட்டு அழுத பிள்ளை, சற்று நேரத்தில் அழவும் முடியாமல் என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

சாலையோரக் குடிசை வாசலில் ஒரு பானை இருந்தது. கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு மகளின் வாயருகே கொண்டுபோனேன். உள்ளேயிருந்து ஒரு பெண் தவழ்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டாள். பானையையும் தள்ளி உடைத்தாள்.

"பச்சப்புள்ளைக்குத் தண்ணி குடுக்க மனசில்லையா? நீயெல்லாம் வெளங்குவியா?" என்று கத்தினேன்.

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "காலரா கண்ட வீடு, தாயி. எங்க வீட்டுக்காரரு காலையிலதான் போய்ச் சேந்தாரு. எனக்கும் கண்டிருச்சு. இந்தத் தண்ணி வேணாம். புள்ளையத் தூக்கிட்டு ஓடிரு!"

ஓடினேன். அடுத்த ஊர்க் கிணற்றடியில்தான் நின்றேன். மகள் பிழைத்துக்கொண்டாள்.

யாராவது ஒன்றை இல்லையென்று மறுத்தால் இப்போதெல்லாம் நான் சட்டென்று வாய் திறப்பதில்லை. வெடித்துக் கிடந்த அந்தப் பெண்ணின் உதடுகள் நினைவுக்கு வந்துவிடும். வீட்டில் குடிக்க வேறு தண்ணீர் இருக்கிறதா என்று அவளை நான் கேட்கவேயில்லை.