வாசலில் இரண்டு பை வேர்க்கடலை

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அமாலின் அழைப்பு வந்தது. செல்லையா சாரிடம் கற்றுக்கொண்ட பாளையங்கோட்டைத் தமிழில், "சார் போயிட்டாவ, மேடம்" என்றாள். அமால் ஏமன் நாட்டுப் பெண், அவருடைய பழைய மாணவி. காயைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் அவர் அரசியல் பாடம் எடுத்தார், நான் ஆங்கிலம். அவருடைய உச்சரிப்பை நான் திருத்துவேன். என் அரசியலை அவர் திருத்துவார். கடைசிவரை இருவருமே மாறவில்லை.

உள்நாட்டுப் போர் என்ற பாடத்தை அவர் புத்தகத்தை வைத்து நடத்தியதில்லை என்பது உடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மாணவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஆளுக்கொரு குவியல் வேர்க்கடலை கொடுப்பார். சமாதானத்துக்கு மறுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி போய்விடும். குவியல் கரையக் கரையக் குரலும் இறங்கும். மணி அடிக்குமுன் கைகுலுக்கிவிடுவார்கள்.

ஒரு வருடம் என்னையும் பொருளாதார ஆசிரியரையும் ஆளுக்கொரு பையோடு வாசலில் உட்கார வைத்தார். நாங்கள் வெளி வல்லரசுகள். என் கட்சி இளைத்தபோதெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். பொருளாதாரக்காரரும் விடவில்லை. மணி அடித்தது; சமாதானம் வரவில்லை. என் பையில் பாதி மிச்சம்.

"உங்க கட்சி ஜெயிக்கணும்னா குடுத்தீய, மேடம்?" என்று செல்லையா சார் கேட்டார்.

"இல்லை. அவர் கட்சி ஜெயிச்சிடக் கூடாதுன்னு."

"அதான் முடியல. சண்டை போடுறவனுக்குக் கை ஓயும். பை வச்சிருக்கவனுக்கு ஓயாது."

அன்று அமால் எந்தக் கட்சியிலும் இல்லை. 'ஊர்' என்று சொல்லி அவளை நடுவில் உட்கார வைத்திருந்தார். இரண்டு கட்சியும் முதலில் கைவைத்தது அவள் குவியலில்தான். வகுப்பு முடிந்ததும், ஏமனில் போர் முடிந்து தான் எப்போது வீடு திரும்ப முடியும் என்று அவள் கேட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லும்படி சாடை காட்டினேன். அவர் பொருட்படுத்தவில்லை. பை வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினால் ஒரு வழி பிறக்கலாம், அப்போதும் உள்ளூர்ப் பகை மிச்சமிருக்கும், தேதி சொன்னால் பொய்யாகிவிடும் என்றார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டில் சாப்பிட வரச் சொன்னார். மீன்குழம்பில் உப்பு கூடுதல் என்று சொல்ல நானும் போனேன். பிறகு எல்லா ஞாயிறும் போனேன்.

கல்லறையில் மண் போட்டபின் அமால் என் அருகில் வந்து நின்றாள். அவளுடைய அம்மா இன்னும் ஏமனில்தான் இருக்கிறார். பழைய கேள்வியை அவள் கேட்கவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை, மேடம்?" என்றாள்.

என் வீட்டுக்கு வரச் சொன்னேன். எனக்கு அவர் கைப்பக்குவம் வராது. வீடு திரும்பும் தேதி சொல்லாமல் சாப்பிட மட்டும் கூப்பிடும் அந்த வழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒரு மணி என்றால் சரியாக ஒரு மணிக்கு வர வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.