ஒரு சைஸ் பெரிய செருப்பு

சைக்கிள்காரர்களை நான் முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கவடியாரில் கூடுகிற எங்கள் குழுவில் எல்லாரும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நிற்கையில் முகம் எங்கே தெரிகிறது? காலைத்தான் பார்ப்பேன். வெள்ளை வெளேரென்ற ஷூ என்றால் பல் டாக்டர். ஆனி ஆடி மழையில்கூட அதில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. எப்படி என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பாங்கு மானேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்புத் தோல் ஷூவிலேயே வருவார், இருக்கிறதைத் தேய்த்துத் தீர்த்துவிடலாம் என்று. கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்திலிருந்து வரும் கம்ப்யூட்டர் இளைஞர்கள் அத்தனை பேர் காலிலும் கிளீட். அடியில் சின்னப் பூட்டு வைத்த ஷூ அது. பெடலில் வைத்து அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால்தான் விடும். அதோடு டீக்கடைக்குள் நடந்தால் யாரோ குதிரையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று தோன்றும்.

இத்தனை கால்களுக்கு நடுவே நீல வார் வைத்த ஒரு ரப்பர் செருப்பும் வந்துகொண்டிருந்தது. அது என் மனைவியின் கால். அந்தக் காலைத்தான் நான் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தேடுகிறேன். இருக்காது என்று தெரிந்தேதான் தேடுகிறேன்.

எங்கள் வீடு கரமனையில், அக்ரஹாரத் தெரு ஆற்றை நோக்கி இறங்குகிற இடத்தில் இருக்கிறது. அவள் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில், இங்கே எல்லாரும் சைக்கிள் சவிட்டுவதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பாள். அவள் ஊரில் மிதிப்பார்கள். எங்கள் மகள் கல்யாணமாகிக் கனடாவுக்குப் போன பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்த ஒரு நாளில், தனக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்றாள். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று; பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேறு. தெருவில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா என்றாள். அடுத்த வாரம் வீட்டுக்கு இரண்டு சைக்கிள் வந்தது, எனக்கும் சேர்த்து.

அவள் எப்போதும் முன்னால் போவாள், நான் பின்னால். ஏற்றத்தில் என்னால் அவளைப் பிடிக்க முடியாது. இறக்கத்தில் பிடிக்க மனசு வராது. கைமனம் தாண்டி வெள்ளாயணிக் காயல் வரைக்கும் போய், தாமரை பறித்து வருகிறவர்களின் வள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் அப்பா எழுந்து காப்பி கேட்பதற்குள் திரும்பிவிடுவோம். போகிற வழியெல்லாம் நான் பார்த்தது அவளுடைய குதிகாலைத்தான். செருப்பை எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவாள். குதிகாலுக்குப் பின்னால் ரப்பர் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டும். அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது.

குழுவில் எல்லாரும் அவளுக்குப் புத்தி சொல்லுவார்கள். ஆன்ட்டி, விரல் நசுங்கிவிடும், ஒரு ஷூ வாங்கக் கூடாதா என்பார் பல் டாக்டர், மலையாளத்தில், ரொம்ப மரியாதையாக. நல்லது, பார்க்கலாம் என்று சிரித்து வைப்பாள். கஞ்சத்தனம் என்று சிலர் நினைத்தார்கள். அசட்டுப் பிடிவாதம் என்று நான் நினைத்தேன்.

காரணம் எங்கள் தெருவிலேயே இருந்தது. வீட்டுக்கு இறங்குகிற வழியில் சிவன் கோயில். அதைக் கடந்து போகிறவர்கள் யாரானாலும் ஒரு நிமிஷம் நின்று, செருப்பிலிருந்து காலை எடுத்து வெறும் தரையில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் மேலே நடப்பார்கள். ஸ்கூட்டரில் போகிறவர்கள்கூடக் காலைச் செருப்பிலிருந்து உருவி அதன்மேலேயே வைத்துக்கொள்வார்கள். இந்தத் தெருவில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. கால் தானே செய்யும். அவள் சைக்கிளிலேயே அதைச் செய்தாள். கோயில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மிதிப்பதை நிறுத்திவிடுவாள். சைக்கிள் தானாக இறங்கும். இரண்டு குதிகாலும் மெல்லப் பின்னால் வரும், விரல்கள் வாரை விட்டு வெளியே வரும், வெறும் பாதம் செருப்பின் மேல் நிற்கும். கோயில் தாண்டியதும் பாதம் முன்னால் நழுவி வாருக்குள் போய்விடும். செருப்பு ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை. சைஸ் பெரிதாக வாங்கியது இதற்குத்தான்.

மகள் ஒரு தடவை லீவில் வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் கிளீட் வாங்கி வந்தாள், அதற்கான பெடலோடு. என் மனைவி அதைப் போட்டு ரேழியில் இரண்டு நடை நடந்து பார்த்தாள்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ள போனா என் கால் என்னோடதா இல்லை" என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

நான் மாட்டிக்கொண்டேன். முதல் நாள் காயல் வரைக்கும் ராஜா மாதிரி போனேன். அன்றைக்கு ஏற்றத்தில்கூட அவளுக்கு அருகில் வந்துவிட்டேன். திரும்பி வரும்போது எங்கள் தெரு இறக்கம். கோயில் வந்தது. நான் எதுவும் யோசிக்கவில்லை. வலது கை கன்னத்துக்குப் போயிற்று, கால் பின்னால் இழுத்தது. கால் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். குதிகாலைத் திருப்ப வேண்டும் என்பது மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. கன்னத்தில் ஒரு கை, ஹாண்டில் பாரில் ஒரு கை, பெடலில் பூட்டிய இரண்டு கால் என்று சிவன் சன்னிதிக்கு நேர் எதிரே, முழு மரியாதையோடு, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன்.

அவள் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். முழங்கையில் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நமஸ்காரம் பண்ணினது போறும், எழுந்திருங்கோ. பின்னாடி ஆட்டோ வரது."

அன்று முழுவதும் சிரித்தாள். அப்பாவுக்குக் காப்பி ஆற்றிக் கொடுக்கும்போது சிரிப்பு வந்து, அவருக்கும் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தாள். எனக்குக் கோபம்தான். இப்போது அந்தச் சிரிப்பு ஒரு தடவை நேரில் கேட்குமென்றால் தினமும் விழத் தயார்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும், அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றிருந்த என் மனைவி கனடாவுக்குக் கிளம்பிப் போனாள். நான் போகவில்லை. அப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கட்டிலிலிருந்து இறங்கவே ஆள் வேண்டும். யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும் என்றால் அது பிள்ளைதானே. ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள். அந்த ஆறு மாதத்தை நீட்டினார்கள். பிறகு மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, குழந்தை இவளை விட்டு யாரிடமும் போவதில்லை. இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமே என்று மகள் கேட்கிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று என்னிடம் போனில் கேட்டாள்.

உன் இஷ்டம் என்றேன். வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒரு பக்கம் பேத்தி, ஒரு பக்கம் நான். எனக்காக வா என்று எப்படிக் கேட்பது? முடிவு எதுவும் சொல்லாமலே அவள் பேச்சை மாற்றிவிட்டாள். அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை. போன் வரும்போதெல்லாம் எதையாவது பேசுவேன், இதைத் தவிர.

அங்கேயும் அவளுக்கு ஒரு சைக்கிள் கிடைத்திருந்தது. பின்னால் குழந்தை உட்காரச் சீட் வைத்தது. பக்கத்துப் பார்க்குக்கு அதில்தான் கூட்டிக்கொண்டு போகிறாளாம். நான் முதலில் கேட்டதே காலில் என்ன என்றுதான். மகளுடைய பூட்ஸ் என்றாள். பனி உருகியும் குளிர் விடவில்லை, கணுக்கால் வரைக்கும் லேஸ் கட்டிக்கொண்டுதான் வெளியே இறங்க முடிகிறது என்றாள். எனக்கு அது சொல்ல முடியாத ஆறுதலாக இருந்தது. பூட்ஸ் இரவல். இரவல் செருப்பில் இருக்கிறவள் எத்தனை நாள் இருந்துவிடுவாள்? ஒரு நாள் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துதானே ஆக வேண்டும்? வேலையில்லாத மனசு இப்படியெல்லாம் கணக்குப் போடும்.

இங்கே அவளுடைய சைக்கிள் டயர் காய்ந்து வெடிப்பு விடாமல் இருக்க வாரம் ஒரு தடவை ஓட்டச் சொல்லியிருந்தாள். அதில் பழைய சாதாரண பெடல்; கிளீட் மாட்டாது. வாசலில் அவள் விட்டுப்போன நீல வார்ச் செருப்பைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருந்ததால் என் காலுக்குக் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. குதிகால் மட்டும் கொஞ்சம் வெளியே நின்றது. அப்படியே போனேன். வரும்போது கோயிலடியில் அவள் செய்கிற மாதிரியே மிதிப்பதை நிறுத்தி, காலைப் பின்னால் உருவினேன். இடது கால் செருப்பு நழுவி ரோட்டில் விழுந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒற்றைச் செருப்போடு போய் எடுத்துவந்தேன். அடுத்த வாரம் வலது கால் செருப்பு விழுந்தது. இத்தனை வருஷம் பின்னாலிருந்து பார்த்தும் அந்த வித்தை எனக்குப் பிடிபடவில்லை.

இதைப் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். விரலால் வாரைப் பிடித்துக்கொண்டு இழுக்கக் கூடாது, விரலை முதலில் தளர்த்திவிட்டு அப்புறம் குதிகாலை நகர்த்த வேண்டும் என்று சொல்லித் தந்தாள். டீச்சர் குரல். அந்தக் குரலுக்காகவே இன்னும் இரண்டு சந்தேகம் கேட்டேன்.

போன மாதம் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அங்கே வெயில் காலம் வந்துவிட்டது. முன்னால் இவள் சைக்கிளில், பின் சீட்டில் குழந்தை தொப்பி போட்டுக்கொண்டு கையை ஆட்டுகிறது. அவர்களுக்குப் பின்னால் மகள் இன்னொரு சைக்கிளில் வந்து எடுத்திருக்கிறாள். அனுப்பியது குழந்தையைப் பார்க்க. நான் காலைப் பார்த்தேன்.

பூட்ஸ் இல்லை. பின்பக்கம் திறந்த, கால் நுழைத்துக்கொள்ளும் புதுச் செருப்பு. குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சைஸ் பெரிது. அப்படியென்றால் கடைக்குப் போய், போட்டுப் பார்த்து, தனக்கென்று வாங்கியிருக்கிறாள். அந்த ஊர் அவளுக்குக் காலில் ஏறிவிட்டது, இனி எங்கே வரப்போகிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் பாதை ஓரிடத்தில் கொஞ்சம் சரிந்தது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். இரண்டு குதிகாலும் மெல்லப் பின்னால் வந்தன. வெறும் பாதம் செருப்பின் மேல் நின்றது. கொஞ்ச தூரம் போனதும் உள்ளே நழுவிவிட்டது. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கோயில் எதுவும் தெரியவில்லை.

அவள் பேசும் நேரம் வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. நானே கூப்பிட்டேன்.

"அந்த எடத்துல என்ன கோயில்?"

"கோயிலா? அங்க ஒரு துணி தோய்க்கற கடையாக்கும்."

"பின்னே எதுக்குக் காலை உருவறே?"

"அங்க ரோடு கொஞ்சம் எறங்கறது, கேட்டேளா. நம்ம தெரு மாதிரி. அவ்வளவுதான். அந்த எடம் வந்தா, நம்மாத்துக்கு வந்துட்டோம்னு காலுக்குத் தோணிப்போறது."

அப்பா அடுத்த அறையிலிருந்து யார் போனில் என்று கேட்டார். நான் போனைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டேன். இத்தனை மாதமாக வாய் வரைக்கும் வந்து திரும்பிப்போனதைச் சொன்னேன்.

"போறும். நீ வந்துடு."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இங்கிலீஷில் சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள்.

"என் செருப்பைப் போட்டுண்டு தேய்ச்சுடாதேங்கோ. எனக்கு வேணும்."

எப்போது வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. மகளுக்கு என்ன பதில் சொன்னாள் என்றும் தெரியாது. செருப்பைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டேன்.

இந்த ஞாயிறு அவள் சைக்கிளில் வெறுங்காலோடு போனேன். பெடலின் பல் உள்ளங்காலில் குத்தியது. கவடியாரில் பல் டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டு, சபரிமலைக்கு மாலை போட்டாயிற்றா, இது சீசன் இல்லையே என்று கேட்டார். ஏதோ ஒரு விரதம் என்று சொல்லி வைத்தேன். திரும்பி வருகையில் எங்கள் தெரு இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினேன். கோயில் வந்தது. கழற்றுவதற்குக் காலில் ஒன்றுமில்லை. இருந்தும் இரண்டு குதிகாலும் மெல்லப் பின்னால் போய்விட்டு வந்தன.