படத்தில் ஒரு பள்ளம்

செயற்கைக்கோள் படம் பார்ப்பது பேசத் தெரியாத குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பது போன்ற தொழில். வலி எங்கே என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிங்காநல்லூர் ஆலையொன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றபின், ஆசிரியர் எவருமின்றி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களைக் கொண்டே இதைக் கற்றேன். ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, மாறியது எது என்று எழுதிக் கொடுப்பேன். திரையில் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்கும் சக தொழிலாளர்களுக்கு, இனி நான் சொல்லும் அவதிகள் புதியவை அல்ல.

சிவப்புத் தோப்பு

துடியலூருக்கு வடக்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் சரஸ்வதி அம்மாள் வந்தார். மழைநீர் ஓடிவரும் பள்ளம் ஒன்றுதான் அவருடைய கிணற்றுக்கு ஊற்று. மேற்புறத்தில் மனை போட்டவர்கள் அதை மண் கொட்டி மூடிவிட்டார்கள். கிணறு வறண்டது, மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின. அங்கே பள்ளமே இருந்ததில்லை என்று மனைக்காரர்கள் சாதித்தார்கள். இருந்ததை நான் காட்ட வேண்டும்.

பயிரின் நலத்தைக் காட்டும் ஒருவகைப் படத்தில் செடிகொடிகள் சிவப்பாகத் தெரியும். அதை விளக்குமுன் திரையைத் திருப்பியது என் தவறு. அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

“ஏனுங்ணா, மரம் காஞ்சுதானுங்க போச்சு, தீ எப்பப் புடிச்சுதுங்க?”

கருநீலக் குட்டை

தோப்புக்குக் கிழக்கே, புதிய படத்தில் கருநீலமாக ஒரு சதுரம். நீர்நிலை கருமையாகத் தெரியும் என்பது பாடம். ‘தண்ணீர் திசைமாறி அங்கே தேங்கி நிற்கிறது’ என்று அடித்துச் சொல்லி, அம்மாளை அழைத்துக்கொண்டு நேரில் சென்றேன். வரிசை வரிசையாக சோலார் பேனல்கள்.

“தண்ணி இல்லீங்ணா. கரண்டு வேணும்னா மொண்டுக்கலாமுங்க.”

மேகம்

பள்ளத்தில் நீர் ஓடுவது மழைக்காலத்தில். மழைக்காலப் படங்களிலோ மேகம் மறைத்துக்கொள்ளும். பழைய படங்களைப் புரட்டிப் புரட்டி, வாரக்கணக்கில் அம்மாளுக்கு ‘இன்றும் மேகம்தான்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அந்த மேகத்துக்கு மறைக்க மட்டுந்தான் தெரியுமுங்களா?”

அலுவலகத்தில்

கடைசியில் மேகமற்ற பழைய படம் ஒன்று அகப்பட்டது. பள்ளம் வளைந்து வளைந்து, நீரோடு தெரிந்தது. புதிய படத்தில் அவ்விடத்தில் வெறும் செம்மண். இரண்டையும் ஒட்டி, கீழே என் கைப்பட எழுதி, தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்தேன்: ‘இங்கிருந்த பள்ளம் மண் கொட்டி மூடப்பட்டுவிட்டது. தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.’

பதில் வந்தது: ‘பள்ளம் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை.’

இருவரும் அலுவலகத்துக்கு ஓடினோம். அதிகாரி தஞ்சைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். “பள்ளத்தை மூடிட்டா நல்லதுதானே ஐயா? யாரும் விழமாட்டாங்க” என்றார். எங்கள் ஊர்ப் பேச்சில் ஓடையாக இருக்கும் ‘பள்ளம்’ அவர் ஊர்ப் பேச்சில் குழி! அம்மாள் பழைய படத்தை எடுத்து, நீரின் வளைவுகளின்மேல் விரலை ஓட்டிக் காட்டினார்.

“சார், குழி எங்கீங்க இப்படி ஓடும்?”

மழைக்குப் பின்

அதிகாரி நேரில் பார்த்து, மண்ணை அள்ள வைத்தார். அடுத்த மழை பெய்தது. புதிய படத்துக்காக நான் காத்திருக்கையில் அம்மாளின் தொலைபேசி அழைப்பு வந்தது.

“படம் வேண்டாமுங்ணா, இங்க சத்தமே கேக்குதுங்க.”

ஆக, விண்ணிலிருந்து எடுத்த படத்தில் குறையில்லை. சிக்கலெல்லாம் அதன்கீழ் நான் எழுதிய இரண்டு வரித் தமிழில்தான், அதிலும் எழுத்துப்பிழை கிடையாது.