பதினான்கு சுற்றுச் செம்புக் கம்பி

எழுபதுகளின் நடுவில், ஊட்டிக்குப் போய்வந்த மைத்துனர் பால்பவுடர் டப்பாவில் ஒரு ஜூனிப்பர் செடி கொண்டுவந்தார். உயரம் பதினோரு அங்குலம், கிளைகள் ஒன்பது. அப்போது எனக்கு சர்வே ஆபீஸில் வேலை, கரமனையில் வாடகை வீடு. பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பார்த்து அதைத் தொட்டியில் குட்டை மரமாக்க முனைந்தேன்.

முதல் வருஷம் வேர் பிடிக்க விட்டேன். இரண்டாம் வருஷம் ஐந்து கிளைகளை வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் யோசித்தேன். வெட்டியபின் இரண்டு வாரம் வருந்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றடியில் எட்டிப் பார்த்து, "என்ன ஓய், வருஷம் ரெண்டாச்சு, மரம் இன்னும் முழங்காலுக்கு வரலையே! சோறு போடறேரா இல்லையா?" என்பார்.

மூன்றாவது ஓணம் கழிந்ததும், அடிக்கிளையைத் தாழ்த்துவதற்காகச் செம்புக் கம்பியைச் சுற்றி வளைத்தேன். பதினான்கு சுற்று. அந்தக் கிளையால்தான் அது மரம் மாதிரி இருந்தது; அது போனால் மிச்சம் வெறும் குச்சி. ஒரு வருஷம் கழித்துக் கம்பியை எடுக்கவேண்டும் என்றது புத்தகம். காலண்டரில் நாளைக் குறித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் பெய்யும் துலாமழை ஓய்ந்த ஒரு காலையில் மனைவி தொட்டியருகே குனிந்தாள். "ஏன்னா, இங்க வந்து பாருங்கோ. கம்பி தோலுக்குள்ள போறது. நிறைமாசத்துல எனக்குக் கால் வீங்கி மெட்டி இறுகித்தே, அதே மாதிரி."

"இன்னும் ஒன்பது மாசம் இருக்கு. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"புஸ்தகம் எழுதினவர் கரமனை மழையைக் கண்டாரோ?"

நான் கேட்கவில்லை. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் பெய்து முடிந்தபோது பாதிக் கம்பி பட்டைக்குள் மறைந்திருந்தது. புத்தகம் எழுதிய ஊரில் மரம் பனிக்காலம் முழுக்கத் தூங்குமாம். இங்கே இரண்டு மழை, தூக்கமே இல்லாமல் பருத்துக்கொண்டே இருந்தது. அந்த வரியை மூன்று முறை வாசித்தும் எனக்கு உறைக்கவில்லை. குறடால் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். முப்பத்தொரு துண்டு. மூன்று இடத்தில் பட்டையும் கூடவே வந்தது.

ஒரு வாரத்தில் கிளை மஞ்சளித்தது. தினமும் காப்பிக்கு முன் பச்சை நுனிகளை எண்ணினேன். அறுபத்திரண்டு. ஐம்பத்தொன்று. முப்பது. இருபத்துமூன்று. மனைவி "சொன்னேனே" என்று ஒருதரமும் சொல்லவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. தொட்டியை அடுத்த மழை படாமல் கூரைக்கு அடியில் நகர்த்தி வைத்தாள், தண்ணீரையும் குறைத்தாள்.

பன்னிரண்டு நாள் இருபத்துமூன்றிலேயே நின்றது. பதின்மூன்றாம் நாள் இருபத்துநான்கு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். பிறகு அவளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன்.

"இருபத்தஞ்சு," என்றாள். "சுவர்ப் பக்கம் ஒண்ணை விட்டுட்டேள்."

அடுத்த வருஷம், தழும்புகளை விட்டு விலக்கி, அதே கிளைக்கு மறுபடி கம்பி சுற்றினேன். காலண்டரில் எதுவும் குறிக்கவில்லை. காலையில் பூப்பறிக்கப் போகும்போது அவள் பார்ப்பாள். "போரும், எடுங்கோ" என்று சொன்ன அன்றே எடுத்தேன். நான்கு மாதம், ஆறு நாள்.