முழுதாக எரியாத கரி

பாய்லரிலிருந்து இழுத்துப் போட்ட சாம்பலில் தண்ணீர் தெளித்ததும் உஸ்ஸென்று ஆவி கிளம்பும். அது அடங்குவதற்குள், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் பெண் சல்லடையோடு வந்து குந்திவிடுவார். தெலுங்கு நாட்டுப் பட்டான்செருவில் நான் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்த மருந்துத் தொழிற்சாலையின் பின்பக்கம் அது. சாம்பலைச் சலித்தால் பாதி எரிந்த கரித்துண்டுகள் நிற்கும். அவற்றை மூட்டை கட்டி இஸ்திரி வண்டிக்காரர்களுக்கும் டீக்கடைகளுக்கும் விற்பதுதான் அவர் பிழைப்பு. தர்மபுரிப் பக்கத்துக்காரர். வீட்டில் அவரும், பாப்பா என்று அவர் கூப்பிடும் ஒன்பது வயது மகளும் மட்டும்தான்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அக்காவிடம்கூட தலையாட்டுவதோடு சரி. ஆனால் அவர் மூட்டை நிறையாத நாளில் எனக்கு என்னவோ போலிருக்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கரி முழுதாக எரிந்து வெளுத்த பிறகுதான் இழுக்க வேண்டும் என்பது முறை. நான் கனல் சிவப்பாக இருக்கும்போதே இழுத்துவிடுவேன். அப்படி இழுத்தால் தீ மெலிந்துபோகும். அழுத்தம் இறங்காமலிருக்கப் புதுக்கரியை அவசரமாகக் கொட்ட வேண்டும். கொட்டியதும் புகைபோக்கியில் கன்னங்கரேலென்று புகை எழும்பும். அது எந்தப் பக்கம் போகிறது என்று நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காலனியில்தான் அக்கா குடியிருந்தார். பாப்பாவுக்கு வீசிங் இருந்தது.

கரியை விட்டுவிட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு கூட்டம் போட்டார்கள். வாயு விலை கட்டுப்படியாகாது, ஒரு ஷிப்டையே நிறுத்த வேண்டிவரும் என்றார்கள் முதலாளி தரப்பினர். காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துப்போகிறது, குழந்தைகள் மூச்சுக்குத் தவிக்கிறார்கள் என்றார்கள் காலனிக்காரர்கள். இரண்டும் பொய்யில்லை. பாய்லர் ஆட்களும் பேசட்டும் என்றார் அதிகாரி. லாலாகுடாவில் பிறந்து வளர்ந்து, தமிழில் உருது கலந்து பேசும் எங்கள் மேஸ்திரி என் விலாவில் இடித்தார்.

"கைக்கு ரே, ஏன்டா குந்தியிருக்க? எந்திரிச்சுப் பேசு. வாய்லயும் கரியை அள்ளிப் போட்டுக்கிட்டியா?"

நான் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கதவோரம் நின்றிருந்த அக்கா பேசினார். தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கரி நின்னா எம்மகளுக்கு நல்லது சார். ஆனா கரி நின்னா எங்க ஊட்ல அடுப்பு எரியாது. நான் எதுக்குக் கை தூக்கறது?"

ஏதாவது ஒன்றைத்தானே எழுத முடியும் அம்மா என்றார் அதிகாரி. "மூச்சுன்னு எழுதிக்கங்க" என்றார் அக்கா.

மறுநாள் சாம்பல் மேட்டில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்காவ நீ முன்னாடியே இழுக்கறது மொத வாரமே தெரியும். மூட்டை நெறஞ்சுதா, நானும் வாய மூடிக்கிட்டேன். புகை எங்க வருதுன்னும் தெரியும். இனிமே முழுசா எரியவுட்டு இழு."

நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து வெறும் வெள்ளைச் சாம்பல்தான் வந்தது. புகையும் குறைந்தது. அக்கா வழக்கம்போல வந்து சலித்தார்; ஒரு முறம் கரிகூடத் தேறாது. இரண்டு மாதம் பார்த்தார். பிறகு பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சங்காரெட்டி தாண்டி ஒரு செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டார். எரிவாயுக் குழாய் வந்து சேர அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேலானது.

இப்போது நான் கரி அள்ளுவதில்லை. அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி தரப்பு சொன்னதுபோலவே ஒரு ஷிப்ட் போய்விட்டது, என்னோடு கரி அள்ளிய நாலு பேரும் போய்விட்டார்கள். கேன்டீனில் இளம் எஞ்சினியர்கள் கரி வேண்டுமா வாயு வேண்டுமா என்று வாதாடுவார்கள். யார் பேசினாலும் எனக்குச் சரியென்றே படும். என்னைக் கேட்டால், மாறச் சொன்னது நல்லதுதான் என்பேன். சாம்பல் சலித்த கைக்கு மறுநாள் என்ன வேலை என்பதையும் அதே உத்தரவுத் தாளில் எழுதியிருக்கலாம் என்றும் சொல்வேன். ஆனால் யாரும் கேட்பதில்லை, நானாக எழுந்து சொல்லப்போவதும் இல்லை.

காலனியில் இப்போது வெள்ளைத் துணியைத் தைரியமாகக் காயப்போடுகிறார்கள். அக்கா போன சூளையில் என்ன எரிக்கிறார்கள் என்று ஒருமுறை மேஸ்திரியிடம் கேட்டேன். கரிதான் என்றார்.