மூடுபனியில் நான் கூவிய காலை

ஈராண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், மஞ்சூரை அடுத்த ஒரு மலைவிடுதியில் நானும் என் மனைவியும் ஐந்து நாள் தங்கியிருந்தோம். முன்பு தோட்டத் துரையின் பங்களாவாக இருந்த கட்டடம் அது. சாளரத்தைத் திறந்தால் பனி உள்ளே வந்து, சற்று நேரம் அமர்ந்துவிட்டுச் செல்லும். தேயிலைச் சரிவு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலாது. விழித்துவிட்டேனா, கனவின் எச்சத்தில் கிடக்கிறேனா என்ற ஐயத்திலேயே என் காலைகள் புலர்ந்தன.

எங்களைக் கவனித்துக்கொண்ட பணிப்பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். படுக்கையில் வெந்நீர்ப் பை, என் மனைவியின் முழங்காலுக்குச் சூடேற்றிய கம்பளி, சுக்கு மணக்கும் தேநீர் என எதையும் நாங்கள் கேட்டுப் பெற்றதில்லை.

குறை என்று எனக்குத் தோன்றியது ஒன்றே. காலை ஏழு மணியளவில், கீழே ஒற்றையடிப் பாதையில் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள் “ஓ... ஹோய்” என்று கூவிக்கொண்டே போவார்கள். ஒருத்தி தகரத்தைத் தட்டுவாள். அமைதியை நாடி வந்த எனக்கு அது பெருந்தொல்லையாகப் பட்டது. மூன்றாம் நாள் பணிப்பெண்ணிடம் முறையிட்டேன்.

“அது வந்துங்க ஐயா...” என்று தொடங்கினார்.

“எதுக்கா இருந்தாலும் சரிம்மா. சத்தமில்லாமப் போகச் சொன்னாப் போதும்” என்று இடைமறித்தேன்.

அவர் ஒரு கணம் வெளியே பார்த்தார். “சரிங்க. முன்னால போறது எம் புள்ளதானுங்க. சொல்லிப்போடறனுங்க” என்று புன்னகைத்தபடி சென்றார்.

“தெருக் கோயில் ஒலிபெருக்கிய நாப்பது வருஷமாப் பொறுத்துக்கிட்டீங்க. இங்க வந்ததும் காது அவ்வளவு மென்மையாயிடுச்சா?” என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை ஓசை ஒன்றும் இல்லை. தேநீர்க் கோப்பையும் அதன் எவர்சில்வர் தட்டுமாக மேல்மாடத்தில் நின்றேன். வெண்மை மெல்ல நெகிழ, செடி வரிசைகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. பாதையின் வளைவில் ஒரு கரும்பாறை தெரிந்தது. அங்கே பாறை இருந்ததாக நினைவில்லையே என்று எண்ணும்போதே அது தலையைத் திருப்பியது. காட்டுமாடு! அருகே ஒரு கன்று. வளைவுக்கு இப்பால், முதுகில் கூடையுடன் பெண்கள் வாய்பேசாமல் ஏறி வந்துகொண்டிருந்தனர். முன்னால் வந்த பெண்ணுக்கும் அவ்விலங்குக்கும் நடுவே பத்தடிப் பனிதான் இருந்தது.

நான் “ஓ... ஓஓய்!” என்று அடிவயிற்றிலிருந்து கூவினேன். கையிலிருந்த தட்டால் மாடத்துக் கம்பியை ஓங்கி ஓங்கித் தட்டினேன். பெண்கள் திகைத்து நின்றனர். மறுகணம் அத்தனை பேரும் சேர்ந்து கூவினர். கரிய உடல் ஒருமுறை சீறியது. பிறகு கன்றை முன்விட்டுச் சரிவில் இறங்கிப் பனியில் கரைந்தது.

பணிப்பெண் ஓடிவந்து கம்பியைப் பற்றிக்கொண்டார். “ஏ புள்ள! ஒண்ணும் ஆவலயே?”

“இல்லம்மா! ஆரது அப்பிடிக் கத்துனது?”

“நம்ம ஐயாதான்!”

“நல்ல தொண்டை! நாளைக்கு எஸ்டேட்டுக்கு வரச் சொல்லு, முன்னால உட்டுக்கலாம்!” கீழே சிரிப்பு எழுந்தது. 

“நாம வர்றம்னு சத்தங் குடுத்தா அதுவே ஒதுங்கிக்குமுங்க. திடீர்னு எதுர்ல நின்னாத்தான் பாயுமுங்க” என்றார் பணிப்பெண்.

“நேத்தே அடிச்சுச் சொல்லியிருக்கலாமேம்மா?”

“ஒரு வாரமா இந்தப் பக்கம் மாடு வரலைங்க. ரெண்டு நாளுதானே, தங்க வந்தவங்க மனசு நோக வேண்டாம்னு நெனச்சுப்போட்டனுங்க.” அவர் குரல் உடைந்திருந்தது. ஆயினும் என் நடுக்கத்தைக் கண்டு, தம் சால்வையை எடுத்து என் தோளில் போர்த்தினார். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். “அட, உடுங்க ஐயா. டீ ஆறிப்போச்சு, வேற கொண்டாறன்” என்று கோப்பையை வாங்கிக்கொண்டார்.

அந்த ஐந்து நாள்களின் இனிமையை இன்றும் நெஞ்சில் பேணுகிறேன். ஆனால் என் காலை அமைதிக்காக ஒரு தாய் தன் மகளை ஓசையின்றி நடக்கச் சொன்னாள் என்று நினைக்கும்போதெல்லாம், அவ்வினிமை தொண்டையில் சற்றுத் தங்கியே இறங்குகிறது.