கை தூக்கினால் கிழியும் சட்டை

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து பைக்கில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் மனைவியின் தம்பி சேகர். மறுநாள் அவனுக்குக் கல்யாணம். மடியில் மஞ்சள் பை, அதற்குள் பெண் வீட்டார் எடுத்துக் கொடுத்த பட்டுச் சட்டை. அழகான சட்டைதான். ஆனால் சேகர் சின்ன வயதிலிருந்து ஏரியில் வீச்சு வலை எறிந்து தோள் விரிந்தவன். கையைத் தூக்கினால் முதுகிலும் தோளிலும் சட்டை இறுக்கியது. கையைத் தூக்காமல் எப்படித் தாலி கட்டுவது? வேறு சட்டை போட்டாலோ, பெண்ணின் அப்பா மண்டபத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வார். உள்ளூர் தையல்காரர் புதுப் பட்டில் கத்திரி வைக்க மாட்டேன் என்று கும்பிட்டுவிட்டார். பழவேற்காட்டு பஜார் தெருவில் சரிசெய்யாமல் திரும்புவதில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பொன்னேரியில் டீ. அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர்.

"வேற சட்டையே வாங்கிக்கலாம் மாமா."

"உன் மாமனாருக்கு நீயே பதில் சொல்லிக்கிறியா?"

அவன் டீயை மடக்கென்று குடித்துவிட்டுப் பைக்கில் ஏறினான்.

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தால், ஜும்மா தொழுகைக்காக ஷட்டர்களை இறக்கியிருந்தார்கள். நிழலில் காத்திருந்தோம். அந்தக் காலத்திலேயே துணி கப்பலேறிய துறைமுகம் இது. ஊர்ப் பெயரைத் தாங்கிய கட்டம் போட்ட கைலி கடல் தாண்டியும் போயிருக்கிறது. தெருவெங்கும் கைலி, வேட்டி, ஜிப்பா என்று ஆம்பளைத் துணிதான். என் மனைவி வந்திருந்தால் பத்தே நிமிடத்தில் கிளம்பச் சொல்லியிருப்பாள்.

இரண்டு மணிக்குக் கடை திறந்த தையல்காரர் காதர் பாய், சட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"பட்டுல தையலப் பிரிச்சா ஊசி ஓட்டை அப்டியே தெரியும். வேணாம் சார்."

"தெரியாத எடத்துல பிரிங்க பாய். முடியறவரைக்கும் நான் இங்கியே உக்காந்துக்கிறேன்."

பாய் சேகரின் தோளைப் பார்த்தார். "கடலா, ஏரியா?"

"ஏரி பாய். வீச்சு வலை."

"அப்போ சட்டையப் போட்டுக்கினு தெருவுல எறங்கி வலை எறி."

"நடுத்தெருவுலயா?"

"மண்டபத்துல கிழியறதுக்கு இது தேவல."

சேகர் வெட்கத்தோடு இறங்கி, இல்லாத வலையைச் சுழற்றி வீசினான். இடது கக்கத்தில் தையல் டர்ரென்று விட்டது. நான் பதறி எழுந்தேன். பாயோ, "ஆங், இங்கதான்," என்று பென்சிலால் குறி வைத்தார். சட்டையின் அடியில் நாலு விரல் அகலம் வெட்டி, அந்தத் துணியில் பட்டம் போல இரண்டு துண்டுகள் நறுக்கி, இரண்டு கக்கத்திலும் வைத்துத் தைத்தார்.

நான்கு மணிக்கு மறுபடி வலை வீச்சு. தையல் விடவில்லை.

எதிர்க் கைலிக் கடைக்காரர் கத்தினார்: "இன்னா தம்பி, மீனு மாட்டிச்சா?"

தெருவே சிரித்தது. கூலி முந்நூறு. நான் பேரம் பேசாத ஒரே நாள் அது.

மறுநாள் கெட்டிமேளத்தின்போது எல்லோரும் தாலியைப் பார்த்தார்கள். நான் சேகரின் கக்கத்தைப் பார்த்தேன். கைகள் உயர்ந்தன, மூன்று முடிச்சும் விழுந்தன. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பெண்ணின் அப்பா என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா மாப்ளே? கடைக்காரன் ஒரு சைஸ் பெருசா எடுன்னான். நான் கேக்கலியே! கண்ணாலயே அளவெடுத்தேன்."

"உங்க கண்ணு யாருக்கு வரும் மாமா," என்றேன்.

மேடையில் இருந்த சேகரின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். மாலைக்கு மேலே என்னைப் பார்த்து, கையை மெல்லச் சுழற்றி ஒரு வலை வீசினான்.